கலைக்கூடத்துக்கு இணையதள டெம்ப்ளேட்: ஒரு படைப்பின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கலைக்கூடங்களுக்காக டெம்ப்ளேட் செய்ய உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தைத்தான் முதலில் வரைகிறார்கள். திரை முழுக்க ஒரு பெரிய படம், தானாக நகரும் ஸ்லைடர், நடுவில் மெல்லிய எழுத்தில் கலைக்கூடத்தின் பெயர். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் கலைக்கூடத்தார் தங்கள் சொந்தப் படங்களை ஏற்றும்போது அந்த அழகு குலைந்துவிடும். ஓவியங்கள் ஒரே அளவில் வருவதில்லை. ஒன்று நெட்டையாக இருக்கும், ஒன்று அகலமாக இருக்கும், இன்னொன்று சதுரமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் உருவத்தின் தலை வெட்டுப்படும். ஓவியர் கையெழுத்திட்ட மூலை காணாமல் போகும்.

அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போடுகிறேன். முதலில் ஒரு படைப்பைப் பற்றிய தகவல், அப்புறம் அந்த ஒற்றைப் படைப்பின் பக்கம், அதற்குப் பிறகு பட்டியல், கண்காட்சி, கடைசியாக முகப்பு. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை தெரிந்தால் போதும். வேர்ட்பிரஸ்ஸில் செய்தாலும் சரி, பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக உருவாக்கிவைக்கும் ஹியூகோ, லெவன்டி போன்ற ஸ்டேட்டிக் கருவிகளில் செய்தாலும் சரி, இந்த வரிசை பொருந்தும்.

கலைக்கூடத்தின் தளத்துக்கு வருபவர்களுக்கு மூன்று தேவைகள் உண்டு. இப்போது என்ன கண்காட்சி நடக்கிறது, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று பார்க்க வருகிறார்கள். ஒரு ஓவியரின் படைப்புகளை நிதானமாகப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போன ஒன்றைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். டெம்ப்ளேட்டில் நீங்கள் சேர்க்க நினைக்கும் ஒவ்வொன்றையும் இந்த மூன்றோடு உரசிப் பாருங்கள்.

படைப்பின் பதிவு

திரையில் எதையும் வரைவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: ஒரு ஓவியத்தைப் பற்றிக் கலைக்கூடத்துக்கு என்னென்ன தெரியும்? ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எந்தப் பொருளால் எதன் மீது செய்தது, அளவு, கலைக்கூடத்தின் சொந்தப் பதிவு எண், இருக்கிறதா விற்றுவிட்டதா என்ற நிலை, விலை, படம் எடுத்தவர் பெயர். சுவரில் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சிறு அட்டையில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். இந்தத் தகவல்களை ஒரே பெரிய எழுத்துப்பெட்டியில் கொட்ட விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம், அதாவது நிரப்புவதற்குத் தனிக் கட்டம் வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் படைப்பு, ஓவியர், கண்காட்சி என மூன்று கஸ்டம் போஸ்ட் டைப்புகளை (தனி உள்ளடக்க வகைகளை) உருவாக்கி, அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் மாதிரியான ஒரு ப்ளகின் (செருகுநிரல்) மூலம் புலங்களைச் சேர்க்கலாம். ஸ்டேட்டிக் தளம் என்றால் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு கோப்பு. அதன் தலைப்பகுதியில் இந்தப் புலங்கள்.

ஆண்டுக்கு ஒரு புலம் போதாது. காட்டுவதற்கு ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று என இரண்டு வேண்டும். ‘சுமார் 1660’ என்றோ ‘1971–73’ என்றோ எழுத வேண்டிவரும். அதை வைத்துக் கணினியால் வரிசைப்படுத்த முடியாது. அளவையும் எழுத்தாக வாங்காமல் உயரம், அகலம், ஆழம் என்று தனித்தனி எண்களாக, சென்டிமீட்டரில் வாங்குங்கள். கலை உலகில் உயரத்தை முதலில் சொல்வதுதான் வழக்கம். 45.5 × 41 செ.மீ. என்றால் உயரம் 45.5. இந்த வரிசையை ஊழியர்களின் நினைவுக்கு விடாமல் டெம்ப்ளேட்டே பார்த்துக்கொள்ள வேண்டும். எண்களாக வைத்திருந்தால் அங்குலத்திலும் தானாகவே காட்டலாம். நம் ஊர்க் கலைக்கூடங்களில் அங்குலக் கணக்கில் பேசுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் இது வீண்வேலை இல்லை.

தலைப்பில்லாத படைப்புகளையும் மறக்காதீர்கள். ஒரே ஓவியரிடம் ‘தலைப்பிடாதது’ என்ற பெயரில் பத்துப் பதினைந்து ஓவியங்கள் இருக்கும். பக்கத்தின் முகவரியைத் தலைப்பிலிருந்து மட்டும் உருவாக்கினால் அவை ஒன்றோடொன்று மோதும். பதிவு எண்ணையும் முகவரியில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அச்சோவியங்களுக்கு ‘3/25’ (25 பிரதிகளில் மூன்றாவது) என்பது போன்ற பதிப்பு எண் உண்டு. அதற்கும் ஒரு புலம் வேண்டும்.

விலைக்கு மூன்று நிலைகள் தேவை: எண்ணாகக் காட்டுவது, ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று காட்டுவது, எதையுமே காட்டாமல் விடுவது. விற்றுப்போனதைக் குறிக்கக் கலைக்கூடங்கள் சிவப்புப் புள்ளி ஒட்டுவது பழைய வழக்கம். திரையிலும் அதை வைக்கலாம், ஆனால் பக்கத்தில் ‘விற்பனையானது’ என்ற சொல்லும் இருக்கட்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வெறும் புள்ளி எதையும் சொல்லாது.

சோதனைக்கு எந்தப் படங்கள்?

டெம்ப்ளேட்டின் மாதிரிப் பக்கங்களில் எல்லாப் படங்களும் நான்குக்கு மூன்று விகிதத்தில், ஒரே வெளிச்சத்தில் இருந்தால் எந்த வடிவமைப்பும் நன்றாகத்தான் தெரியும். வேண்டுமென்றே தொல்லை தரும் படங்களைத் தேர்ந்தெடுங்கள். நான் பரிந்துரைக்கும் தொகுப்பு இது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள ரெம்பிராண்டின் நைட் வாட்ச் (1642), அளவு 379.5 × 453.5 செ.மீ. அதே அருங்காட்சியகத்தில் உள்ள வெர்மீரின் மில்க்மெய்ட், 45.5 × 41 செ.மீ. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, ஜாங் ஸெதுவான் வரைந்த சிங்மிங் ஆற்றுச் சுருளோவியம், உயரம் 24.8 செ.மீ. மட்டுமே, நீளமோ ஐந்து மீட்டரைத் தாண்டும். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலத்துப் பார்வதி வெண்கலச் சிலை. இவற்றோடு, வெள்ளைத் தாளில் மெல்லிய கோடுகளால் வரைந்த ஒரு சித்திரமும், ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருக்கும் ஓர் ஓவியமும் இருக்கட்டும். இந்த ஆறையும் தாங்கும் டெம்ப்ளேட் மற்றதையும் தாங்கும்.

உரிமை விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் காப்புரிமை, ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவருடைய ஓவியங்களுக்குத் தடையில்லை. சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் மறைந்தது 1977இல். ஆகவே 2037 முடியும்வரை அவர் படைப்புகளை மாதிரிப் பக்கத்தில் போட அனுமதி வாங்க வேண்டும். சிற்பம் பழையதாக இருந்தாலும் அதைப் படம் எடுத்தவருக்குத் தனி உரிமை இருக்கலாம். மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல், காப்புரிமை இல்லாமல் பொதுச்சொத்தாக உள்ள 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. ரைக்ஸ்மியூசியமும், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டும், க்ளீவ்லாண்ட் அருங்காட்சியகமும் இதேபோல் தருகின்றன. டெம்ப்ளேட்டை விற்கப் போகிறீர்கள் என்றாலும் இந்தப் படங்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமைக் குறிப்பு இருக்கும், அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒற்றைப் படைப்பின் பக்கம்

டெம்ப்ளேட்டின் உயிர் இந்தப் பக்கம்தான். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் விதி: படத்தை வெட்டக் கூடாது. சிஎஸ்எஸ்ஸில் ஆப்ஜெக்ட்-ஃபிட் என்ற பண்புக்குக் கவர் என்ற மதிப்பைக் கொடுத்தால் பெட்டி நிரம்பும், படம் வெட்டுப்படும். கன்டெய்ன் என்று கொடுத்தால் படம் முழுசாக உள்ளே நிற்கும். படைப்பு இருக்கும் எந்த இடத்திலும் கன்டெய்ன் மட்டும்தான். வேர்ட்பிரஸ்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. அதன் இயல்பான தம்ப்நெயில் அளவு 150 × 150, அதுவும் வெட்டப்பட்டது. மீடியா அமைப்புகளில் அந்த வெட்டும் தேர்வை எடுத்துவிட்டு, உங்களுக்கென்று வெட்டாத அளவுகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, உயரம். அகலத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் நெட்டையான ஓவியம் திரைக்குக் கீழே வழிந்து, முழு ஓவியத்தை ஒரே பார்வையில் பார்க்கவே முடியாமல் போகும். படத்தின் அதிகபட்ச உயரத்தைத் திரை உயரத்தில் 80 விழுக்காடு அளவுக்கு வையுங்கள். மீதியில் ஓவியர் பெயரும் தலைப்பும் எட்டிப் பார்க்கும். கீழே தகவல் இருக்கிறது என்று வருபவருக்குப் புரியும்.

சுருளோவியத்துக்கு இந்த இரண்டும் போதாது. 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் சிங்மிங் சுருளை முழுதாக அடக்கினால் அதன் உயரம் ஏறத்தாழ 17 பிக்சல்தான் வரும், அதாவது ஒரு கோடு. அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் டெம்ப்ளேட் தானாக வேறு முறைக்கு மாறட்டும்: உயரத்தை 240 பிக்சல் போல நிலையாக வைத்து, அந்தப் பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க விடுங்கள். சுருளோவியத்தைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துத்தான் பார்ப்பார்கள் என்பதால், இந்த முறை அதன் இயல்புக்கும் பொருந்துகிறது.

அடுத்தது அளவுணர்வு. இதைப் பெரும்பாலான டெம்ப்ளேட்டுகள் கண்டுகொள்வதே இல்லை. நைட் வாட்ச்சின் பரப்பு மில்க்மெய்டைப் போல 90 மடங்குக்கும் மேல். திரையிலோ இரண்டும் ஒரே அளவில் நிற்கின்றன. வாங்க வருபவருக்கு இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் அல்ல. தன் வீட்டுச் சுவரில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உயரமும் அகலமும் எண்களாக இருப்பதால், ஒரு நிற்கும் மனித உருவத்தின் பக்கத்தில் ஓவியத்தைச் செவ்வகமாக வரைந்து காட்டும் சிறு எஸ்விஜி படத்தைத் தானாக உருவாக்கலாம். உருவத்தின் உயரத்தை 165 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி எளிய விகிதக் கணக்கு. சுவரில் மாட்டியபடி எடுத்த ஒரு படத்துக்கும் புலம் கொடுங்கள். அது கிடைத்தால் இதைவிட நல்லது.

பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கட்டாயம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்துப் போன்ற நுண்ணிய கீறல்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். சோழமண்டலத்தில் வாழ்ந்த கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுச் சித்திரங்களும் அப்படித்தான். கிட்டப் போய்ப் பார்க்க முடியாவிட்டால் அவை வெறும் சாம்பல் பரப்பாகத் தெரியும். சிறு கலைக்கூடத்துக்கு 2000 பிக்சல் அகலமுள்ள படத்தைப் புதிய அடுக்கில் திறந்து, விரலால் பெரிதாக்க விட்டாலே போதும். மிகப் பெரிய படங்களுக்கு ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச நிரல் இருக்கிறது. படத்தைச் சிறு சிறு ஓடுகளாக வெட்டி வைத்து, பார்க்கும் பகுதியை மட்டும் இறக்கும். ரைக்ஸ்மியூசியம் நைட் வாட்ச்சை 2022இல் 717 கிகாபிக்சல் (71,700 கோடி பிக்சல்) படமாக வெளியிட முடிந்ததும் இந்த ஓடு முறையால்தான். அந்த அடுக்கை எஸ்கேப் விசையால் மூட முடிய வேண்டும், கைபேசியின் பின்செல் பொத்தானாலும் மூட முடிய வேண்டும். பின்செல் அழுத்தினால் தளத்தை விட்டே வெளியேறும்படி விட்டுவிடாதீர்கள்.

சிற்பத்துக்கு ஒரு படம் போதாது. சோழர் வெண்கலத்தை முன்னாலிருந்து மட்டும் பார்த்தால் இடுப்பின் வளைவும் பின்னலும் தெரியாமலே போகும். குறைந்தது நான்கு கோணங்களுக்கு இடம் வையுங்கள். அவற்றைத் தானாகச் சுழல விடாமல், சிறு படங்களாகக் கீழே அடுக்கி, பார்ப்பவரே தொட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள்.

படத்தின் மேல் குறுக்காக வாட்டர்மார்க் போடச் சொல்லிச் சில கலைக்கூடங்கள் கேட்கும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஓவியத்தைக் காட்டுவதற்காகவே கட்டிய தளத்தில் ஓவியத்தை அழிப்பது அது. வலது கிளிக்கைத் தடுப்பதும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரிந்த யாரையும் தடுக்காது. ஏற்றும் படத்தின் அளவை 2000 பிக்சலுக்குள் நிறுத்தினால் பெரிய அச்சுக்குப் பயன்படாது. அந்தப் பாதுகாப்பு போதும்.

பட்டியல் பக்கம்

ஓவியரின் படைப்புகளை வரிசையாகக் காட்ட மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. சதுரமாக வெட்டி அடுக்குவது முதல் வழி. அதை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். இரண்டாவது, மேசனரி எனப்படும் செங்கல் அடுக்கு. பார்க்க உயிரோட்டமாக இருக்கும். ஆனால் சிஎஸ்எஸ்ஸின் பத்தி (column) முறையில் அதைச் செய்தால் படங்கள் முதல் பத்தியில் மேலிருந்து கீழாக நிரம்பி, அப்புறம்தான் அடுத்த பத்திக்குப் போகும். கண்காட்சி அமைப்பாளர் யோசித்து வைத்த வரிசை கலைந்துவிடும். எந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் எது தொங்க வேண்டும் என்பது அவருடைய வேலையின் பெரும்பகுதி, அதை டெம்ப்ளேட் கலைக்கக் கூடாது.

நான் விரும்புவது மூன்றாவது வழி: சிஎஸ்எஸ் கிரிட்டில் ஒரே அளவுப் பெட்டிகள், உள்ளே படம் வெட்டப்படாமல், பெட்டியின் அடிக்கோட்டில் உட்கார்ந்தபடி, அதற்குக் கீழே விவரம். அடிப்பகுதி ஒரே கோட்டில் நிற்பதால் படங்களின் உயரம் மாறினாலும் கண் தடுமாறாது. பெட்டிக்குள் காலியிடம் விழுமே என்று கவலைப்பட வேண்டாம். சுவரில் ஓவியங்களுக்கு நடுவில் விடும் இடைவெளி எப்படி வேலை செய்கிறதோ அப்படியே இதுவும் செய்யும்.

படத்தின் மேல் சுட்டியை வைத்தால்தான் தலைப்பு தெரியும் என்ற அமைப்பை விட்டுவிடுங்கள். கைபேசியில் சுட்டி கிடையாது.

படக் கோப்புகள்

ஒவ்வொரு படத்தையும் 400, 800, 1200, 2000 பிக்சல் அகலங்களில் உருவாக்கி, சோர்ஸ்செட், சைசஸ் பண்புகள் மூலம் உலாவியையே தேர்ந்தெடுக்க விடுங்கள். கோப்புக்கு ஏவிஐஎஃப் (AVIF) அல்லது வெப்பி (WebP) வடிவம், பழைய உலாவிகளுக்கு ஜேபெக் (JPEG). எச்டிஎம்எல்லில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எழுதத் தவறாதீர்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும். படித்துக்கொண்டிருந்த வரி கீழே ஓடிப்போகும். பட்டியலில் கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடலாம். திரையில் முதலில் தெரியும் பெரிய படத்துக்குப் போடாதீர்கள். போட்டால் அதுவே தாமதமாகும். அந்த முதல் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

சாதாரணத் தளங்களுக்குப் போதுமான சுருக்க அளவு இங்கே போதாது. மெல்ல மாறும் நிறப் பரப்பைக் கடுமையாகச் சுருக்கினால் பட்டை பட்டையாகத் தெரியும். தரத்தை ஒரு படி கூட்டி, கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஸ்லைடர் நிரல்களிலும் தேவையில்லாத எழுத்துருக்களிலும் பிடியுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம். வெர்மீரின் மில்க்மெய்ட் ஓவியத்தின் மஞ்சள் பூத்த மோசமான நகல்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் பரவியிருந்தன. அருங்காட்சியகத்தில் விற்ற அஞ்சலட்டையில் இருந்த சரியான நிறத்தையே மக்கள் நம்ப மறுத்தார்கள். ரைக்ஸ்மியூசியம் தன் நல்ல படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் டெம்ப்ளேட் வழியாக அப்படி ஒரு தவறான நகல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். புகைப்படக்காரர்கள் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் கோப்பு தருவது உண்டு. சர்வரில் படத்தைச் சுருக்கும் சில நிரல்கள் அதிலுள்ள கலர் ப்ரொஃபைலை (எந்த நிறவெளி என்று சொல்லும் குறிப்பை) கழற்றிவிடும். உடனே நிறங்கள் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். ஏற்றுவதற்கு முன்பே, இணையத்தின் இயல்பான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்லி, டெம்ப்ளேட்டோடு தரும் கையேட்டில் எழுதுங்கள். தஞ்சாவூர் ஓவியம் மாதிரித் தங்க ரேக்கு உள்ளவற்றை நேர் ஃப்ளாஷில் எடுத்தால் பளபளப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பக்கத்திலிருந்து மென்மையான வெளிச்சம் விழ வேண்டும். இது வடிவமைப்பாளரின் வேலை இல்லைதான், ஆனாலும் கையேட்டில் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தும் பின்னணியும்

தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்கும் தளம் என்றால், இரண்டையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். ஆங்கிலக் கலைக்கூடத் தளங்களில் ஓவியர் பெயரைப் பெரிய எழுத்துகளிலும் படைப்பின் தலைப்பைச் சாய்வெழுத்திலும் போடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லை. சாய்வெழுத்து போடச் சொன்னால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது இல்லாததால் உலாவி எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. தமிழ்ப் பக்கத்தில் ஓவியர் பெயரைத் தடித்த எழுத்திலும், தலைப்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள் சாதாரண எழுத்திலும் வையுங்கள். மொழிக்கேற்ப சிஎஸ்எஸ் மாறும்படி, பக்கத்தின் மொழிப் பண்பை ஒழுங்காகக் குறியுங்கள்.

நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன, திரையில் படிக்கவும் நன்றாக இருக்கின்றன. இரண்டு தடிமன்களுக்கு மேல் ஏற்ற வேண்டாம். தமிழில் மேலும் கீழும் நீளும் எழுத்துகள் அதிகம் என்பதால் வரி உயரம் 1.6க்குக் குறையாமல் இருக்கட்டும். நீண்ட சொற்கள் கைபேசியில் பெட்டியைத் தாண்டி ஓடும். ‘ஒளிப்படக்கலைஞர்களுக்கான’ போன்ற ஒரு சொல்லைத் தலைப்பில் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

பின்னணிக்கு வெள்ளைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தாளில் வரைந்த சித்திரத்தைத் தூய வெள்ளைப் பின்னணியில் வைத்தால் தாளின் விளிம்பு மறைந்துபோகும். அந்த வெறும் தாளும் படைப்பின் ஒரு பகுதி. லேசான சாம்பல் கலந்த வெள்ளை இதைக் காப்பாற்றும். முழுக் கறுப்புப் பின்னணியில் இருண்ட ஓவியங்கள் கரைந்துவிடும். நிறத்தைக் கலைக்கூடம் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள சிஎஸ்எஸ் மாறிகளை ஒரே இடத்தில் வைத்துக் கொடுங்கள். ஆனால் படத்துக்குப் பின்னால் வரும் நிறத்தை மட்டும் இரண்டு மூன்று சாம்பல் சாயல்களுக்குள் நிறுத்துங்கள். பக்கத்தில் அடர்ந்த நிறம் இருந்தால் ஓவியத்தின் நிறமே மாறித் தெரியும்.

வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து என்பது கலைக்கூடத் தளங்களின் பழைய நோய். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை நெறி. ஓவியம் வாங்கும் வயதில் இருப்பவர்களில் பலர் கண்ணாடி போட்டவர்கள். எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்காக மாற்று உரைப் புலம் ஒன்று வேண்டும். அது தலைப்பின் நகலாக இருக்கக் கூடாது. மில்க்மெய்டுக்கு இப்படி எழுதலாம்: ‘இடது பக்கச் சன்னலிலிருந்து விழும் வெளிச்சத்தில், மஞ்சள் மேலாடையும் நீல ஏப்ரனும் அணிந்த ஒரு பெண் மண்பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள்; மேசையில் ரொட்டிகள்.’ புலத்துக்குக் கீழே இந்த மாதிரியை அப்படியே காட்டிவிட்டால் ஊழியர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

கண்காட்சி, அப்புறம் முகப்பு

கண்காட்சிக்குத் தொடக்க நாள், முடியும் நாள் இரண்டும் இருந்தால் ‘நடப்பது’, ‘வரவிருப்பது’, ‘முடிந்தது’ என்று டெம்ப்ளேட்டே பிரித்துவிடும். ஸ்டேட்டிக் தளத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தளத்தை மறுபடி உருவாக்கும்வரை தேதி நகராது. முடிந்த கண்காட்சி நடந்துகொண்டிருப்பதாகவே காட்டும். தினமும் நள்ளிரவு தாண்டி ஒருமுறை தானாக உருவாக்கும்படி அமைத்துவிடுங்கள். சர்வரின் நேரமும் இந்திய நேரமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

முடிந்த கண்காட்சிகளை அழிக்க விடாதீர்கள். ஒரு ஓவியர் எந்த ஆண்டில் எங்கே எதைக் காட்டினார் என்பதைத் தேடும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் கலைக்கூடத்தின் பழைய பக்கம் ஒரு நல்ல ஆதாரம். முகவரியில் ஆண்டையும் சேர்த்து, அதை ஒருபோதும் மாற்றாமல் வையுங்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ஸ்கீமா (schema.org) அமைப்பில் விஷுவல் ஆர்ட்வொர்க், எக்ஸிபிஷன் ஈவென்ட் என்ற இரண்டு வகைகள் இருக்கின்றன. புலங்களைத் தனித்தனியாக வாங்கியிருப்பதால் அவற்றை நிரப்புவது சில நிமிட வேலை.

இவ்வளவும் ஆனபின் முகப்புக்கு அதிக வேலை இருக்காது. நடக்கும் கண்காட்சியின் ஒரு படம், வெட்டாமல். பெயர், தேதிகள், இன்று திறந்திருக்கும் நேரம், வார விடுமுறை, முகவரி, வரைபட இணைப்பு. வாசலில் படிகள் உண்டா, சக்கர நாற்காலி போகுமா, வண்டி எங்கே நிறுத்துவது என்பதும் இங்கேயே தெரியட்டும். கண்காட்சி எதுவும் நடக்காத நாட்களில் என்ன காட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வரவிருப்பது இருந்தால் அது, இல்லையென்றால் கைவசமுள்ள படைப்புகளில் ஒன்று. தானாக நகரும் ஸ்லைடர் வேண்டாம். ஒரு ஓவியத்தைப் பார்க்கத் தொடங்கும்போதே அதை இழுத்துக்கொண்டு போவது எந்தக் கலைக்கூடத்திலும் நடக்காத காரியம்.

விசாரிப்பு

படைப்பின் பக்கத்தில் ‘இதைப் பற்றிக் கேட்க’ என்று ஒரு பொத்தான். நம் ஊரில் அது வாட்ஸ்அப்புக்குப் போவதே நல்லது. செய்தியை முன்கூட்டியே நிரப்பித் தரும் இணைப்பு வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஓவியர் பெயர், தலைப்பு, பதிவு எண், பக்கத்தின் முகவரி எல்லாம் செய்தியில் தானாக வந்துவிட்டால், ‘அந்த நீல ஓவியம் இருக்கிறதா?’ என்று வரும் செய்திக்கு எந்த நீல ஓவியம் என்று தேட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் வேண்டாதவர்களுக்கு ஒரு சிறிய படிவம்: பெயர், மின்னஞ்சல், செய்தி. தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்காதீர்கள்.

ஒப்படைப்பதற்கு முன்

இந்தத் தளத்தை நாளைக்குப் பராமரிக்கப் போவது பெரும்பாலும் கலைக்கூடத்தின் ஒரே உதவியாளர்; விருந்தினரைக் கவனிப்பதும், ஓவியங்களைப் பொதி கட்டுவதும் அவரே. அவருக்குக் கட்டாயப் புலங்கள் குறைவாக இருக்க வேண்டும்: ஓவியர், தலைப்பு, பொருள், உயரம், அகலம், படம். மற்றவை காலியாக இருந்தால் பக்கத்தில் அந்த வரியே வரக் கூடாது. ‘ஆண்டு:’ என்று எழுதி எதிரே ஒன்றுமில்லாமல் நிற்கக் கூடாது. ஆறு சோதனைப் படங்களையும் வைத்து, விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு எல்லாப் பக்கங்களையும் திறந்து பாருங்கள்.

பிறகு அந்த உதவியாளரை உட்கார வைத்து, ஐந்து படைப்புகளோடு ஒரு கண்காட்சியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் எதுவும் சொல்லித் தராதீர்கள். எங்கே கை தயங்குகிறது, எந்தப் புலத்தில் எதை எழுதுவது என்று எங்கே குழம்புகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தப் புலங்களின் பெயரையும் உதவிக் குறிப்பையும் திருத்துங்கள். அவர் யாரையும் கேட்காமல் சேர்த்து முடித்த அன்றைக்கு டெம்ப்ளேட்டை வெளியிடலாம்.